அந்த ரிப்போர்ட்டை அண்ணனுக்காக ஒளிக்காதீர்கள்

கேள்வி: எழுபது வயது அப்பாவுக்குப் பக்கவாதம். மூன்று வாரமாக ஐசியுவில் இருக்கிறார். சிறுநீரில் கிருமியைக் கண்டுபிடிக்கும் கல்ச்சர் சோதனையில் கிளெப்சியெல்லா என்ற கிருமி வந்திருக்கிறது. மெரோபெனம் என்ற வீரியமான ஆன்டிபயாடிக் ஊசிக்குக்கூடக் கேட்காதாம். இந்த ஆஸ்பத்திரியில்தான் ஒட்டியிருக்கும் என்று கோபமாக வருகிறது. நாளை வேறு இடத்துக்கு மாற்றுகிறோம். ரிப்போர்ட்டைக் காட்டினால் தனி அறை என்று பணம் கறப்பார்கள், காட்டாதே என்கிறார் துபாயில் இருக்கும் அண்ணன். அப்பா தேறிவிடுவாரா?
– வாசகி, திருச்சி

பதில்: தேறுவாரா என்று கடிதத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கிருமி ஒட்டியது அங்கேயாகத்தான் இருக்கும், சண்டையை அப்புறம் போடுங்கள். போகிற போக்கில் அண்ணன் பேச்சை எழுதியிருக்கிறீர்களே, அதற்கு வருகிறேன்.

ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். மருந்துப் பெயர்களுக்கு நேரே வரிசையாக 'ஆர்' என்று இருக்கும், அந்த மருந்துக்குக் கிருமி கேட்காது என்று அர்த்தம். அப்படி இல்லாத ஒன்றிரண்டு பெயர்தான் அப்பாவுக்கு மிச்சமிருக்கும் மருந்து. அதைத்தான் ஒளிக்கச் சொல்கிறார். தெரியாமல் புது டாக்டர் வழக்கமான ஊசியைப் போடுவார், கேட்காது. மறுபடி கல்ச்சர் எடுத்து முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் கிருமி ரத்தத்தில் ஏறினால்?

சரி, பக்கத்துக் கட்டிலில் இருப்பவர்? அவரும் யாரோ ஒருவருடைய அப்பாதானே! உங்கள் அப்பாவின் சிறுநீர்க் குழாயில் மாட்டிய பையைக் காலி செய்த ஜக்கோடும் கழுவாத கையோடும் கிருமி அந்தக் கட்டிலுக்குப் போகும். 2008-ல், டெல்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒருவரின் சிறுநீரில் இதே கிளெப்சியெல்லாவைக் கண்டார்கள். மெரோபெனம் வகை மருந்துகளை உடைத்துப்போடும் என்டிஎம்-1 என்ற நொதி உலகத்துக்குத் தெரியவந்தது அதில்தான். அதை உண்டாக்கும் மரபணு ஒரு வகைக் கிருமியிலிருந்து இன்னொரு வகைக்கும் தாவும். இதைத் தெரிந்துகொண்டே மறைப்பதற்குப் பெயர் சிக்கனமா?

டிஸ்சார்ஜ் சம்மரியில் இந்தக் கல்ச்சர் விவரமும், எந்த ஊசி எத்தனை நாள் போனது என்பதும் இல்லையென்றால் எழுதி வாங்காமல் கிளம்பாதீர்கள். கொலிஸ்டின் என்ற கடைசிக்கட்ட ஆன்டிபயாடிக் போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும். தனி அறைக்கு வசதியில்லையா, வெளிப்படையாகச் சொல்லி ஓரக் கட்டில், தனி ஜக், தொடும்போது கையுறை கேளுங்கள். சிறுநீர்க் குழாய் இன்னும் தேவையா என்று தினமும் கேளுங்கள், எரிச்சல்பட்டால் படட்டும்.

அண்ணனிடம் ஒன்று சொல்லுங்கள். போனில் யோசனை சொல்வது பிள்ளையின் கடமையில் சேராது. அறை வாடகையை அனுப்பட்டும். முடிந்தால் ஒரு வாரம் லீவு போட்டு வந்து, கையைக் கழுவிக்கொண்டு அப்பா பக்கத்தில் உட்காரட்டும்.