மாறுதல் ஆர்டர் வந்துவிட்டது, குழந்தைகளிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் ஆறு வருடமாக இடைநிலை ஆசிரியையாக இருக்கிறேன். ஈராசிரியர் பள்ளி, ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை என் பொறுப்பு. கலந்தாய்வில் சொந்த மாவட்டம் கேட்டிருந்தேன், கிடைத்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை ரிலீவ் ஆகிறேன். "சொன்னால் அழுவார்கள், சொல்லாமலே கிளம்பிவிடுங்கள்" என்கிறார் தலைமையாசிரியர். இரண்டாம் வகுப்பில் தாயில்லாத பெண் ஒருத்தி என்னையே சுற்றிச் சுற்றி வருகிறாள். அவளை நினைத்தால் தூக்கமே வரவில்லை. என்ன செய்வது?

பதில்: சொல்லிவிடுங்கள். தலைமையாசிரியர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் நீங்கள் சொல்லாமல் போனாலும் அழுகை வரத்தான் போகிறது. அப்போது கண்ணைத் துடைத்துவிட நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

வருகிற திங்கட்கிழமை சொல்லுங்கள். ஆறேழு வயதுக்கு நான்கைந்து நாள் போதும். ஒரு மாதம் முன்பே சொன்னால் "நாளைக்கா டீச்சர்?" என்று தினமும் கேட்டுத் தவிப்பார்கள். கடைசி நாளில் சொன்னால் மனதில் ஏறுவதற்குள் நீங்கள் பஸ் ஏறிவிடுவீர்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அறிவிப்பாகச் சொல்லாமல், வகுப்பில் அவர்களோடு தரையில் உட்கார்ந்து சொல்லுங்கள்.

இனி, சொல்லும் வார்த்தைகள். நம் வழக்கத்தில் யாரும் "போறேன்" என்று சொல்லிக் கிளம்புவதில்லை. "போய்ட்டு வரேன்" என்போம். பெரியவர்களுக்கு அது மங்கலச் சொல். முதல் வகுப்புக் குழந்தைக்கு அது வாக்குறுதி. டீச்சர் வருவார் என்று நம்பி திங்கட்கிழமை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் முதலில் உண்மையைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: "வெள்ளிக்கிழமைதான் நான் இந்த ஸ்கூல்ல கடைசி நாள். அப்புறம் எங்க ஊர்ப் பக்கம் வேற ஸ்கூல்ல பாடம் எடுப்பேன். தினமும் இங்க வரமாட்டேன்." இது புரிந்தபிறகு, கிளம்பும்போது "போய்ட்டு வரேன்" என்பதில் தவறில்லை. "அரசாங்கம் அனுப்பிவிட்டது" என்று மட்டும் சொல்லாதீர்கள். நீங்கள் கேட்டு வாங்கிய மாறுதல் அது. "எங்க வீட்டுக்குப் பக்கத்துல இருக்கணும்னு நான்தான் கேட்டேன்" என்றால் குழந்தைகளுக்கு நன்றாகவே புரியும். வீடு என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாதா?

இன்னொன்றை அவசியம் சொல்ல வேண்டும்: "நீங்க சேட்டை பண்ணினதால நான் போகல." இரண்டிலிருந்து ஏழு வயது வரை குழந்தை உலகத்தைத் தன்னை மையமாக வைத்தே புரிந்துகொள்கிறது என்று உளவியலாளர் ழான் பியாஜே விளக்கினார். இதோடு நம் பழக்கம் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. "இப்படிக் கத்தினா நான் வேற ஸ்கூலுக்குப் போயிடுவேன்" என்று என்றைக்காவது சொல்லியிருப்பீர்கள். எல்லோரும் சொல்வதுதான். நீங்கள் அதை மறந்திருப்பீர்கள். அன்றைக்குக் கத்திய பையன் மறந்திருக்க மாட்டான்.

அப்புறம், எதெல்லாம் மாறாது என்று சொல்லுங்கள். காலை உணவு அப்படியே இருக்கும், சத்துணவு அக்கா இருப்பார், உட்காரும் இடம் அதேதான். புது ஆசிரியர் யாரென்று தெரியாவிட்டால் "நல்ல டீச்சர் வருவாங்க" என்று சொல்லிவைக்க வேண்டாம். அதுவரை யார் பார்த்துக்கொள்வார் என்பதைத் தலைமையாசிரியரே வகுப்புக்கு வந்து சொல்லட்டும். அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டப் பதிவுகளில், கற்றல் நிலையில் யார் அரும்பு, யார் மொட்டு, யார் மலர் என்று இருக்கும். யாருக்குச் சிறுநீர் வந்தாலும் கேட்கத் தெரியாது, யார் சத்தம் போட்டால் நடுங்கிப்போவான் என்பது அதில் இராது. பிள்ளைக்கு இரண்டு வரி வீதம் எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.

2018இல் திருவள்ளூர் மாவட்டம் வெளியகரம் அரசு உயர்நிலைப் பள்ளியில், மாறுதலாகிப் போகவிருந்த ஆங்கில ஆசிரியரை மாணவர்கள் கட்டிப்பிடித்து அழுததை நாடே பார்த்தது. உண்மையான பாசம் அது. ஆனால் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பிள்ளைகளில் சிலர் கேட்டவுடன் விளையாட ஓடிவிடுவார்கள். இந்த வயதில் துக்கம் விட்டு விட்டுத்தான் வரும். இரண்டு நாள் கழித்து வீட்டில் வயிற்றுவலி என்று வெளிப்படலாம். பெற்றோரிடம் இதைச் சொல்லி வையுங்கள். அழுகிற பிள்ளையை யாரும் வீடியோ எடுக்க விடாதீர்கள். உங்களுக்கும் கண் கலங்கினால் கலங்கட்டும். குழந்தைகள் உங்களைத் தேற்றும் நிலை மட்டும் வரக் கூடாது.

சரி, அந்தப் பெண். அவளுக்கு ஏற்கெனவே ஒருவர் போய்விட்டார், திரும்பி வரவில்லை. அதனால் திங்கட்கிழமை மற்றவர்களுக்கு முன்னால் அவளிடம் தனியாகச் சொல்லுங்கள். அவளை வீட்டில் வளர்ப்பவரிடமும் அன்றே பேசிவிடுங்கள். "நான் நல்லா இருப்பேன், வேற ஊர்ல இருப்பேன்" என்ற சொற்கள் அவள் காதில் விழ வேண்டும். மற்ற குழந்தைகள் பார்க்கப் பெரிய பரிசு தராதீர்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, கதைப் புத்தகங்களை அடுக்குவது என்று ஒரு வேலையை அவள் பொறுப்பில் விட்டு, உடன் பணியாற்றும் ஆசிரியரிடமும் சொல்லி வையுங்கள். நீங்கள் போனபிறகு அவள் யாரிடமாவது பேசப் போக அது ஒரு காரணமாக இருக்கும்.

"அடிக்கடி வந்து பார்ப்பேன்" என்று சொல்லாதீர்கள், முடியாது. ஒரு கடிதம் எழுதுவேன் என்று சொல்லுங்கள். புதுப் பள்ளியில் சேர்ந்த முதல் வாரமே, வேலை எவ்வளவு குவிந்திருந்தாலும், ஓர் அஞ்சலட்டை வாங்கி எல்லோர் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதிப் போட்டுவிடுங்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார்கள், நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதானே.