தங்க நிற மூட்டு முப்பது வருடம் உழைக்குமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது. இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். சாதாரண மூட்டுக்குப் பதில் ‘கோல்டு நீ’ வைத்தால் 30 வருடம் வரும், ஆனால் அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்கிறார்கள். கடன் வாங்கியாவது வைக்கலாமா?

பதில்: கடன் வாங்காதீர்கள்.

அதில் தங்கம் கிடையாது. கோபால்ட்-குரோமியம் உலோகத்தின் மேல் டைட்டானியம் நைட்ரைடை, அல்லது நியோபியம் சேர்ந்த அதன் வகையை, வெற்றிட அறையில் சில மைக்ரான் கனத்துக்குப் படிய வைக்கிறார்கள். பொன்னிறம் அந்தப் பூச்சினுடையது. மிகக் கடினமானது, சுலபத்தில் கீறல் விழாது. அடியில் உள்ள உலோகத்திலிருந்து கோபால்ட், நிக்கல் கசிவதையும் குறைக்கும். கவரிங் நகை போட்டாலே அம்மாவுக்குத் தோல் தடித்து அரிக்கும் என்றால், அதை டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு இந்தப் பூச்சைப் பற்றி யோசிப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆயுள் விஷயம் வேறு. செயற்கை மூட்டில் உலோகம் பாலிஎதிலீன் பிளாஸ்டிக் மீது வழுக்கி நகர்கிறது. தேய்ந்து உதிரும் நுண்துகளை அழிக்க வரும் வெள்ளணுக்கள் சுரக்கும் பொருள்களால் பக்கத்து எலும்பு அரிபட்டு, மூட்டு ஆட ஆரம்பிக்கும். இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டில் முதலில் டெஃப்லான் வைத்துப் பார்த்தார். அது சில வருடங்களிலேயே தேய்ந்து போனதால் 1962இல் பாலிஎதிலீனுக்கு மாறினார். உலோகம் வழவழப்பாகவே இருந்தால் பிளாஸ்டிக் குறைவாகத் தேயும் என்பதுதான் பூச்சின் அடிப்படை. ஆய்வக இயந்திரத்தில் அந்தப் பலன் தெரியத்தான் செய்கிறது.

ஆனால், பூசிய மூட்டையும் பூசாத மூட்டையும் நோயாளிகளிடம் ஒப்பிட்ட ஆய்வுகளில் வலியிலோ நடையிலோ மறு அறுவை சிகிச்சையிலோ தெளிவான வித்தியாசம் வரவில்லை. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. முதல் சில வருடங்களில் முழங்காலை மறுபடி திறக்க வேண்டி வந்தால், பெரும்பாலும் கிருமித்தொற்று, மூட்டு நிலையாக நிற்காதது, எலும்போடு பிடிப்பு விட்டுப்போவது இவைதான் காரணம். தங்க நிறப் பூச்சு இவற்றில் எதையும் தடுக்காது.

சரி, அந்த 30 வருடம் எங்கிருந்து வந்தது? ஆய்வக இயந்திரத்தில் மூட்டு ஒரு முறை மடங்கி நீள்வது ஒரு சுழற்சி. அப்படி 15 லட்சம் சுழற்சியை ஒரு வருட நடையாகக் கணக்கிட்டார்கள். ஆக்ஸிஜனேற்றிய சிர்கோனியத்தால் ஆன ஒரு மூட்டு 4.5 கோடி சுழற்சி சோதிக்கப்பட்டு, அமெரிக்காவில் 30 வருடத் தேய்மானத் திறன் என்று விளம்பரப்படுத்தப்பட்டது. அது வேறு பொருள், சோதித்ததும் தேய்மானத்தை மட்டும்தான். உடம்புக்குள், மூட்டை எலும்போடு பிடிக்க வைக்கும் சிமென்டின் துணுக்கு இடையில் சிக்கும், எடை கூடும், கிருமி வரும்.

சாதாரண மூட்டை மட்டமாக நினைக்க வேண்டாம். வெளிநாட்டு மூட்டு மாற்றுப் பதிவேடுகளை வைத்து 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கணக்குப்படி, முழு முழங்கால் மூட்டுகளில் 100க்கு 82 வரை 25 வருடம் தாக்குப்பிடித்தன. இன்னும் 25 வருடத்தில் அம்மாவுக்கு 89 வயது ஆகியிருக்கும்.

பூச்சு வேலையில் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு, அதனால்தான் இதைச் சொல்கிறேன். மென்மையான அடித்தளத்தில் கடினமான பூச்சு போடுவது, இறுகாத மண்ணில் டைல்ஸ் பதிக்கிற மாதிரி. வைரம் போன்ற கார்பன் பூசிய இடுப்பு மூட்டுகள் இயந்திரத்தில் பிரமாதமாக உழைத்தன. நோயாளிகளிடம் உடல்திரவம் நுண்துளை வழியே அடியில் புகுந்து, பூச்சு உரிந்தது. உரிந்த துணுக்கே அப்புறம் பிளாஸ்டிக்கை அராவியது.

பூச்சு உண்மையில் ஜெயித்த இடம் எலும்பைத் தொடும் பக்கம். எலும்பின் கனிமமான ஹைட்ராக்ஸி அபடைட்டைப் பூசிய, தொடை எலும்புக்குள் இறங்கும் இடுப்பு மூட்டுத் தண்டை 1985இல் லண்டனில் அறுவை மருத்துவர் ரொனால்ட் ஃபர்லாங் பொருத்தினார். எலும்பு அதன்மேல் நேராகவே வளர்ந்து பிடித்துக்கொள்ளும், சிமென்ட் வேண்டாம். முழங்காலுக்குப் பெரும்பாலும் சிமென்ட் போட்டே பொருத்துவதால் அம்மாவுக்கு இது அநேகமாகத் தேவைப்படாது.

அந்தப் பணத்தைப் பிசியோதெரபிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை இருந்தால் முன்பே கட்டுக்குள் கொண்டுவாருங்கள், தொற்று அபாயம் குறையும். டாக்டர் வருடத்துக்கு எத்தனை முழங்கால் செய்கிறார் என்று தயங்காமல் கேளுங்கள். விலையையும் பாருங்கள்: 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் கோபால்ட்-குரோமியம் மூட்டுக்கு 54,720 ரூபாய், டைட்டானியம், ஆக்ஸிஜனேற்றிய சிர்கோனியம் போன்றவற்றுக்கு 76,600 ரூபாய் என உச்சவரம்பு வைத்தது, வரி தனி. இன்றைய வரம்பைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மூட்டின் பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண், விலை எல்லாவற்றையும் பில்லில் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.