எல்லாத் துறைக்கும் ஒரே வெட்டு: விவாதத்தில் என்ன பதில் சொல்வது?

மாநில பட்ஜெட்டில் துண்டு விழும்போது எல்லாத் துறைக்கும் ஒரே சதவீதம் வெட்டுவதுதான் நியாயம் என்று எதிரணி பேசப்போவதாகச் சொல்லியிருந்தீர்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் சம்பளம், ஓய்வூதியம், கடன் வட்டி மூன்றிலும் உடனே கைவைப்பது கடினம். அதனால் வெட்டு பெரும்பாலும் பராமரிப்பு, மருந்து, உதவித்தொகை மீதுதான் விழும். இதை அழுத்திச் சொல்லுங்கள்.

அப்புறம், வெட்டுக்குப் பதிலாக வரியை உயர்த்தும் யோசனை. விற்பனை வரியை உயர்த்தினால், வருமானம் முழுவதையும் செலவழித்தாக வேண்டிய குடும்பம் தன் வருமானத்தில் பெரிய பங்கைக் கட்டும். சேமிக்க முடிந்தவருக்கு அந்தப் பங்கு குறைவு. எனவே முதலில் வரிச்சலுகைகளை எடுத்துப் பேசுங்கள். வர வேண்டிய வரியை அரசு விட்டுக்கொடுப்பதால் அவையும் செலவுதான், ஆனால் மற்ற செலவுகளைப் போல ஆண்டுதோறும் அலசப்படுவதில்லை.

பற்றாக்குறை மந்தநிலையால் வந்ததா, நிரந்தரமானதா என்றும் கேளுங்கள். முதலாவதைக் கையிருப்பு நிதியால் (நல்ல ஆண்டுகளில் சேர்த்துவைத்த பணத்தால்) ஓரளவு சமாளிக்கலாம். இரண்டாவதற்கு அது உதவாது.