தேள் கொட்டிய சிறுவனுக்கு பிபி மாத்திரை எதற்கு?

கேள்வி: ஒடுகத்தூர் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். விறகு எடுக்கப் போன என் 11 வயது மகனைச் செந்தேள் கொட்டிவிட்டது. சிறிது நேரத்தில் வாந்தி எடுத்தான். உடம்பெல்லாம் வியர்த்து, கை கால் சில்லிட்டுவிட்டது. மருத்துவமனையில் பிரசோசின் மாத்திரை கொடுத்துக் காப்பாற்றினார்கள். அது பிபி மாத்திரையாமே? பிபியே இல்லாத பிள்ளைக்கு அதை ஏன் கொடுத்தார்கள்? உயிர் காக்கும் அட்ரீனலின் ஊசியை ஏன் போடவில்லை? மீதமிருக்கும் மாத்திரைகளை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் மகனுக்குக் கொடுக்கப்பட்டது சரியான மருந்துதான். அட்ரீனலின் ஊசி போடாததற்குக் காரணம், அவன் உடலில் அது ஏற்கெனவே வெள்ளமாகப் பெருகியிருந்தது என்பதே. செந்தேளின் நஞ்சு நரம்புகளில் உள்ள சோடியம் வாயில்களை மூடவிடாமல் தடுப்பதால், நரம்பு முனைகளிலிருந்து அட்ரீனலினின் நெருங்கிய உறவான நார் அட்ரீனலினும், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியிலிருந்து அட்ரீனலினும் அளவின்றிச் சுரக்கின்றன.

ஆனால் இந்த இரண்டும் தாமாக எதையும் செய்துவிடுவதில்லை. செல்லின் உறையை ஏழு முறை ஊடுருவி நிற்கும் ஏற்பி என்னும் புரதத்தில் அவை பொருந்தினால்தான் செல்லுக்குள் கட்டளை போகும். எந்த உறுப்பில் எந்த ஏற்பி இருக்கிறதோ அதற்கேற்பவே விளைவும் அமையும். இந்த ஏற்பிகளில் ஆல்ஃபா, பீட்டா என இரு வகை உண்டு என்று 1948இல் அமெரிக்க மருந்தியலாளர் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் எழுதியபோது அதை ஏற்றுக்கொண்டவர்கள் குறைவு. இன்று பிபி, ஆஸ்துமா, இதயநோய் மருந்துகளில் பல அந்தப் பிரிவினையை நம்பியே இயங்குகின்றன. பீட்டா 1 இதயத்தை வேகமாகவும் வலுவாகவும் துடிக்க வைக்கிறது. பீட்டா 2 மூச்சுக்குழாயை விரிக்கிறது. ஆஸ்துமாக்காரர்கள் உறிஞ்சும் சால்பூட்டமால் வேலை செய்வது இதன் வழியாகத்தான். ஆல்ஃபா 1 இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது.

உங்கள் மகனின் கை கால் சில்லிட்டது இந்த ஆல்ஃபா 1 ஏற்பிகளின் வேலை. தோலின் இரத்தக் குழாய்கள் இறுகியதால் அங்கே இரத்தம் போகவில்லை. அதே நேரத்தில் பீட்டா 1 இதயத்தை விரட்டிக்கொண்டிருந்தது. வால்வை மூடிவிட்டு போர் மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிட்டால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும் நடக்கிறது: இரத்த அழுத்தம் ஏறி, இதயத் தசை களைத்து, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. தேள்கடியில் உயிர் போவது பெரும்பாலும் இதனால்தான்.

இதயம் படபடக்கிறதே என்று பீட்டா தடுப்பு மாத்திரையைக் கொடுத்திருந்தால் ஆபத்தாகியிருக்கும். மோட்டார் தளர்ந்துவிடும், வால்வு மூடியே இருக்கும். பிரசோசின் ஆல்ஃபா 1 ஏற்பியை மட்டும் அடைத்து, குழாய்களைத் தளர்த்துகிறது. ஆல்ஃபா 2 ஏற்பியை அது பெரிதாகத் தொடுவதில்லை என்பது இன்னொரு நன்மை. நரம்பு முனையில் இருந்துகொண்டு, மேலும் நார் அட்ரீனலின் சுரக்காமல் கடிவாளம் பிடிப்பது அந்த ஆல்ஃபா 2தான். மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் 1980களில் இம்மருந்தைத் தேள்கடிக்குப் பயன்படுத்தி எழுதிய பிறகு, அதுவரை கைவிடப்பட்ட பல குழந்தைகள் பிழைத்தார்கள். தேள் நஞ்சுக்கு முறிமருந்தும் உண்டு. இரத்தத்தில் திரியும் நஞ்சை அது முறிக்கும். ஏற்கெனவே தூண்டப்பட்டுவிட்ட ஏற்பிகளை அடக்க பிரசோசின் வேண்டும். செவிலியர் அடிக்கடி வந்து அவன் பாதத்தைத் தொட்டுப் பார்த்திருப்பார். பாதம் வெதுவெதுப்பாகும் வரை மருந்து திரும்பத் திரும்பத் தரப்படும்.

அட்ரீனலின் ஊசி கடும் ஒவ்வாமைக்கு உயிர் காக்கும் மருந்து என்பது உண்மைதான். அங்கே குழாய்கள் விரிந்து அழுத்தம் சரிந்துவிடுகிறது, இங்கே நிலைமை நேர்மாறு.

பிரசோசின் ஓரிரு நாளில் உடலை விட்டு நீங்கிவிடும். அதனால் பின்னாளில் பிபி வராது. இதயத்தில் பாதிப்பு இருந்ததாகச் சொல்லியிருந்தால் மட்டும், மருத்துவர் குறித்த நாளில் எக்கோ பரிசோதனைக்குத் தவறாமல் அழைத்துச் செல்லுங்கள்.

மீதமுள்ள மாத்திரைகளை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். உடல் எடையைக் கணக்கிட்டுத் தர வேண்டிய மருந்து அது. முதல் வேளைக்குப் பிறகு எழுந்து நின்றாலே அழுத்தம் சட்டென இறங்கி மயங்கி விழக்கூடும் என்பதால் படுக்க வைத்துத்தான் கொடுக்கிறோம். இனி யாரையாவது தேள் கொட்டி, வாந்தியோ வியர்வையோ தொடங்கினால், கடிவாயில் வலி குறைவாக இருக்கிறதே என்று மந்திரிக்க அழைத்துப் போய் நேரத்தைக் கடத்தாமல், கயிறு கட்டாமல், கீறாமல், 108ஐ அழைத்து அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.