கூலிங் கோட் போட்டும் நாய் மூச்சு வாங்கி இளைப்பது ஏன்?

கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களை இந்த முறை தனியாக எடுத்துக்கொண்டோம். எல்லாமே வெயில், நாய், அதன் உடம்புச் சூட்டைத் தணிக்கப் போடும் கோட், விரிக்கும் மேட் பற்றியவை. மாவட்டம் சின்னதுதான், ஆனால் கடலோரக் குளச்சலுக்குச் சொல்லும் பதில் கணவாய்க் காற்று வீசும் ஆரல்வாய்மொழிக்குப் பொருந்தாது.

எங்கள் லாப்ரடாருக்கு 5 வயது, 31 கிலோ. கூலிங் கோட் வாங்கி, அதில் எழுதியிருந்தபடியே நனைத்துப் பிழிந்து போட்டோம். கால் மணி நேரத்தில் முன்னைவிட அதிகமாக இளைக்கிறது. கோட்டும் வெதுவெதுப்பாகிவிடுகிறது. ஏமாந்துவிட்டோமா?
வாசகி, குளச்சல்

கோட் நல்ல கோட்டாகவே இருக்கலாம். உங்கள் ஊர்க் காற்றுதான் அதை வேலை செய்ய விடவில்லை.

நனைத்துப் போடும் கோட்டில் குளிர்ச்சி தருவது தண்ணீர் அல்ல, அந்தத் தண்ணீர் ஆவியாவது. 1 கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை இழுக்கும் என்றால், 1 லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 2,400 கிலோஜூலை எடுத்துக்கொண்டு போகும். அவ்வளவு வலுவான முறை. ஆனால் அந்த ஆவியை வாங்கிக்கொள்ளக் காற்றில் இடம் இருக்க வேண்டும். 33 டிகிரி செல்சியஸ் வெயில், 75 சதவீத ஈரப்பதம் உள்ள கடலோரப் பகலில், ஈரத்துணியை எவ்வளவு விசிறினாலும் அது 29 டிகிரிக்குக் கீழே இறங்காது. 36 டிகிரி, 40 சதவீத ஈரப்பதம் உள்ள இடத்தில் வெயில் கூடுதல்தான். ஆனாலும் அதே துணி 25 டிகிரிவரை இறங்கும்.

நாய் இளைப்பதும் இதே வித்தைதான். நாய்க்கு வியர்ப்பது உள்ளங்காலில் மட்டும், அதுவும் கொஞ்சம். நாக்கிலும் மூக்கின் உள்ளேயும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது உடம்பைத் தணிக்கிறது. புழுக்கத்தில் அந்த வழியே பாதி அடைபட்டிருக்கும்போது, முதுகில் காற்றுப் புகாத ஈரத்துணியையும் கட்டினால் முடி வழியாக வெளியேறிக்கொண்டிருந்த வெப்பமும் உள்ளேயே நின்றுவிடும்.

கோட்டைத் தூக்கிப் போட வேண்டாம். கூடவே காற்றைக் கொடுங்கள். சீலிங் ஃபேன் காற்று தரைக்கு வரும்போது சோர்ந்துவிடும். டேபிள் ஃபேனை நாயின் உயரத்தில், 1 முதல் 1.5 மீட்டர் தள்ளி வையுங்கள். எதிர்ப்பக்க ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அறையைப் பூட்டிவைத்தால் கோட்டிலிருந்து போன ஈரமெல்லாம் அறைக்குள்ளேயே சுற்றும். பிற்பகலில் கடல் காற்று வீசத் தொடங்கியதும் திண்ணை நிழலில் விட்டால் ஃபேனே தேவைப்படாது.

சொட்டச் சொட்டப் போடாதீர்கள், சொட்டு நிற்கும்வரை பிழியுங்கள். 10 நிமிடம் கழித்துக் கோட்டுக்குள் கையை விட்டுப் பாருங்கள். கோட் மூடாத தொடைப் பகுதியைவிட உள்ளே சூடாக இருந்தால் உடனே கழற்றிவிட வேண்டும். உங்கள் பக்கம் கோட் மணிக்கணக்கில் காயாமல் இருக்கிறதே, நல்ல கோட் என்று நினைக்கிறார்கள். காயவில்லை என்றால் ஆவியாகவில்லை என்றுதான் பொருள். குளச்சலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை கழற்றி, கிணற்றுத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து மறுபடி போடுவதுதான் வழி. மொத்தம் 1 மணி நேரம் போதும். பிறகு தோலைத் துவர்த்தால் (துண்டால்) துடைத்து, ஃபேனில் உலர விடுங்கள். நாள் முழுக்க ஈரத்தில் ஊறினால் கழுத்தடியிலும் அக்குளிலும் தோல் சிவந்து, நீர் வடிந்து புண்ணாகும்.

கரண்ட் போய்விட்டதா? கோட்டைக் கழற்றிவிட்டு, முடி குறைந்த அடிவயிறு, தொடையின் உட்பக்கம், அக்குள், பாதம் ஆகிய இடங்களில் தண்ணீர் விடுங்கள்.

2,000 ரூபாய் கொடுத்து ஜெல் மேட் வாங்கினோம். ஒரு மணி நேரம் படுக்கிறது, பிறகு எழுந்து வெறும் தரையில் போய்ப் படுத்துக்கொள்கிறது. மேட்டை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?
வாசகர், குலசேகரம்

உங்கள் நாய்க்கு மேட்டின் கணக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது!

ஜெல் மேட் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. நாயின் உடம்புச் சூட்டைக் கொஞ்ச நேரம் வாங்கி வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அறை 31 டிகிரி என்றால் மேட்டும் 31 டிகிரி. 3 கிலோ ஜெல் உள்ள மேட் 31-லிருந்து 36 டிகிரிக்கு ஏறுவதற்குள் 60 கிலோஜூலுக்குச் சற்று மேல் வாங்கும். 30 கிலோ நாய் சும்மா படுத்திருந்தாலே வினாடிக்கு 40 ஜூலுக்கு மேல் வெப்பம் விடுகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு வயிற்றின் வழியாக மேட்டுக்குப் போகிறது என்று வைத்தால், ஒரு மணி நேரத்தில் மேட் நிரம்பிவிடும். நாய் எழுந்துபோன நேரமும் அதுதான்.

நிரம்பிய மேட் மறுபடி ஆற வேண்டும். ஏசி அறையில் சீக்கிரம் ஆறும். காற்றசையாத ரப்பர் தோட்டத்து வீட்டில் வெகு நேரம் பிடிக்கும். நாய் எழுந்ததும் மேட்டைச் சுவரில் சாய்த்து வைத்து இரண்டு பக்கமும் ஃபேன் காற்று படவிடுங்கள். மடித்து மூலையில் போட்டால் சூடு உள்ளேயே நிற்கும். சோபா, மெத்தை, சாக்கின் மேல் விரிக்க வேண்டாம். நேரே தரையில் விரித்தால் தரையும் சூட்டை வாங்கிக்கொள்ளும்.

ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கலாம், ஃப்ரீசரில் கூடாது. உறைந்த ஜெல் மடிப்பில் வெடிக்கும். நாயும் அவ்வளவு சில்லிப்பில் படுக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். தரைத்தளத்தில் சிவப்புச் சிமெண்ட் தரையோ மொசைக் தரையோ இருந்தால், அதன் அடியில் பூமியே இருக்கிறது. அதைவிடப் பெரிய மேட் எந்தக் கடையிலும் கிடையாது. ஜெல் மேட் உதவுவது மாடி வீட்டுக்கும், காரின் பின் சீட்டுக்கும், முழங்கை காய்த்துப்போய் வெறும் தரையில் படுக்க முடியாத வயதான நாய்க்கும்தான். கடிக்கும் பழக்கமுள்ள குட்டிக்கு வேண்டவே வேண்டாம். ஜெல் பெரும்பாலும் விஷமில்லை என்றாலும், விழுங்கிய பிளாஸ்டிக் துண்டு குடலை அடைக்கும். ஆள் இல்லாத நேரத்தில் மேட்டைச் சுருட்டி மேலே வைத்துவிடுங்கள்.

எங்கள் சிப்பிப்பாறை நாய் வெளியில் தகரக் கூட்டில்தான் இருக்கிறது. கடையில் விற்கும் கோட் எதுவும் அதன் ஒடுங்கிய உடம்புக்குச் சேரவில்லை. வீட்டிலேயே தைக்க முடியுமா? கூட்டுச் சூட்டுக்கும் வழி சொல்லுங்கள்.
வாசகர், ஆரல்வாய்மொழி

ஈரக் கோட் அதன் முழு வேலையையும் செய்யும் இடம் இந்த மாவட்டத்தில் உங்கள் ஊர்தான். கணவாய் வழியே வந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றும் அதே காற்று கோட்டையும் குளிரவைக்கும்.

இரண்டு அளவு எடுங்கள். கழுத்துப் பட்டை இருக்கும் இடத்திலிருந்து வால் முளைக்கும் இடம் வரை ஒன்று; முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு ஒன்று. முதுகு 60 செ.மீ., சுற்றளவு 72 செ.மீ. என்றால், துணி 55 செ.மீ. நீளமும் 48 செ.மீ. அகலமும் வேண்டும். வால் பக்கம் 5 செ.மீ. விட வேண்டும். அகலம் சுற்றளவில் மூன்றில் இரண்டு பங்கு. அடிவயிறு திறந்தே இருக்கட்டும், ஆண் நாய்க்குக் கட்டாயம்.

துணிக்கு வெள்ளை ஈரிழைத் துவர்த்து, இரண்டு மடிப்பு. தடித்த டர்க்கி டவல் தண்ணீரை நிறையப் பிடிக்கும், ஆனால் காற்றை விடாது. மெலிந்த நாய்க்குப் பாரமும் கூட. புதுத் துவர்த்தில் கஞ்சி இருக்கும், அது தண்ணீரை வாங்காது. வெட்டுவதற்கு முன்பே வெந்நீரில் ஊறவைத்து இரண்டு தடவை அலசிவிடுங்கள். அலசினால் துணி சுருங்கவும் செய்யும், அதனால் அளவு வெட்டுவது அதற்குப் பிறகுதான். ஓரம் தைத்தபின் 8 முதல் 10 செ.மீ.க்கு ஒரு தையல் நீளவாக்கில் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் பிழியும்போது இரண்டு மடிப்பும் நழுவி ஒரு பக்கம் குவியும். மார்புக்குக் குறுக்கே ஒரு நாடா, வயிற்றடியில் ஒரு நாடா, இரண்டும் 4 செ.மீ. அகலம். முனையில் 10 செ.மீ. வெல்க்ரோ. வயிற்று நாடா முழங்கையிலிருந்து நான்கு விரல் பின்னால் வர வேண்டும், இல்லையென்றால் நடக்க நடக்க அக்குள் உரியும். நாடாவுக்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும்.

அந்தக் காற்றில் உங்களுக்கு வரும் தொல்லை குளச்சலுக்கு நேர்மாறு. கோட் சீக்கிரம் காய்ந்துவிடும். காய்ந்த கோட் வெயிலில் கம்பளிதான். அரை மணிக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்து, கோட்டின் மேலேயே ஒரு கப் தண்ணீர் விடுங்கள். கட்டிப்போட்ட நாய்க்கு, பக்கத்தில் ஆளில்லாமல் கோட் போட்டு வைக்காதீர்கள். நாடா வேலியிலோ சங்கிலியிலோ மாட்டினால் கழுத்தை இறுக்கும்.

கூட்டுக்கு வருவோம். தகரத்தின் மேல் ஒரு சாண் இடைவெளி விட்டு, கம்பு நட்டு முடைந்த தென்னை ஓலை போடுங்கள். ஓலையைத் தகரத்தோடு ஒட்டிப் போட்டால் பாதிப் பயன்தான். இடையில் காற்று ஓட வேண்டும். கூட்டின் கிழக்கும் மேற்கும் திறந்த கம்பியாக இருக்கட்டும். மேற்குப் பக்கம் வெளியே, நாய்க்கு எட்டாத தூரத்தில், நனைந்த சணல் சாக்கு ஒன்றைத் தொங்கவிட்டால் காற்று அதன் வழியே குளிர்ந்து நுழையும். படுக்க 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் நைலான் பட்டை பின்னிய கட்டில் போதும். இதையெல்லாம் செய்துவிட்டால், சிப்பிப்பாறை போன்ற குட்டை முடி நாட்டு நாய்க்குக் கோட் நண்பகலில் மட்டும்தான் தேவைப்படும்.

பக் நாய்க்கு எந்தக் கோட் நல்லது?
வாசகி, மார்த்தாண்டம்

மூக்கு சப்பையான நாய்க்கு இளைத்து ஆற்றும் திறனே குறைவு. மார்த்தாண்டத்துப் புழுக்கத்தில் ஈரக் கோட்டை நம்ப வேண்டாம். பையில் ஐஸ் பேக் சொருகும் கோட் காற்றின் ஈரத்தைப் பார்க்காது, உருகும்வரை வேலை செய்யும். 8 கிலோ நாய்க்கு 200 கிராம் பேக் இரண்டுக்கு மேல் பாரம். பேக்கைத் துணியில் சுற்றித்தான் வைக்க வேண்டும்; நேரே தோலில் பட்டால் பனிப்புண் வரும். பேக்கின் உறையைப் படியுங்கள்: எத்திலீன் கிளைக்கால் என்று இருந்தால் வேண்டாம். அது ஒழுகி நாய் நக்கினால் சிறுநீரகம் போய்விடும். வெறும் தண்ணீரை உறையவைத்த பேக்கே போதும்.

ஸ்பிட்ஸ் நாயின் முடியை மொட்டையடித்துக் கோட் போடலாமா?
வாசகர், நாகர்கோவில்

வேண்டாம். மொட்டையடித்தால் வெயில் நேரே தோலைச் சுடும். இரட்டை முடி நாய்க்கு முடி திட்டுத்திட்டாக முளைப்பதும் உண்டு. உள்முடியை வாரம் மூன்று முறை நீளப்பல் சீப்பால் வாரி எடுங்கள். அடிவயிற்று முடியை மட்டும் குட்டையாக வெட்டலாம். கோட்டின் ஈரம் அந்த அடர்ந்த முடியைத் தாண்டித் தோலைத் தொடாது, காசு மிச்சம்.

வெயிலில் ஓடிவந்த நாய்க்கு உடம்பு கொதிக்கிறது. பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கலாம் என்கிறார்கள். சரியா?
வாசகர், தக்கலை

கொடுக்கக் கூடாது. இது காய்ச்சல் அல்ல, வெளியிலிருந்து ஏறிய சூடு. மாத்திரை இதைக் குறைக்காது. பாராசிட்டமால் நாயின் ஈரலையும் இரத்தத்தையும் கெடுக்கும். ஐபுப்ரோஃபன் இன்னும் ஆபத்து.

நாய்க்கென்று தனியாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாயில் 2 செ.மீ. நுழைத்துப் பாருங்கள். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பு. ஓடி வந்ததும் 103 காட்டி, நிழலில் உட்கார்ந்தபின் இறங்கினால் பயமில்லை. நிழலுக்கு வந்தும் 104-ஐத் தாண்டி நின்றால் உடனே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் ஈறைப் பாருங்கள். செங்கல் நிறம், கெட்டி எச்சில், தள்ளாட்டம், வாந்தி என்றால் காத்திருக்கக் கூடாது.

கோட் போட்டிருந்தால் முதலில் கழற்றுங்கள். நிழலில் கிடத்தி, அடிவயிறு, தொடை, கழுத்து முழுக்கத் தண்ணீரை விட்டுக்கொண்டே இருங்கள், ஃபேன் ஓடட்டும். ஐஸ் தேடி அலைய வேண்டாம், குழாய்த் தண்ணீரே போதும். ஈரத் துவர்த்தைப் போர்த்திவிட்டு நிற்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. துணி சூடாகி மூடிபோல் ஆகிவிடும். தானே குடித்தால் குடிக்கட்டும், வாயில் ஊற்றினால் புரையேறும். 103.5-க்கு இறங்கியதும் தண்ணீரை நிறுத்திவிட்டு, ஜன்னல் திறந்த வண்டியில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எழுந்து வாலாட்டினாலும் போக வேண்டும். சிறுநீரகத்துக்கும் இரத்தம் உறைவதற்கும் ஏற்பட்ட பாதிப்பு ஓரிரு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும்.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. கோட் அட்டைபோல் விறைக்கிறது, நாற்றமும் அடிக்கிறது. சாயங்காலம் கடற்கரைக்கு நடத்திக் கூட்டிப் போகும்போது போட்டுவிடலாமா?
வாசகர், மணவாளக்குறிச்சி

தண்ணீர் ஆவியாகும்போது உப்பு துணியிலேயே தங்கும். அதுதான் விறைப்பு. நாளாக ஆக, துணி தண்ணீர் வாங்குவதும் குறையும், நாயும் அதை நக்கும். வாரம் ஒருமுறை மழைத்தண்ணீரிலோ குடிதண்ணீரிலோ அரை மணி நேரம் ஊறப்போட்டு அலசுங்கள். மிதமான சோப்பு போதும். துணி மென்மையாக்கும் திரவம் கூடாது, அது இழையில் படிந்து தண்ணீரை ஒட்டவிடாது. நாற்றம் போக, அலசியபின் உட்புறம் வெளியே வரும்படி வெயிலில் முழுக்கக் காயவையுங்கள். ஈரமாக மடித்து வைப்பதால்தான் நாற்றம்.

கடற்கரைக்குக் கோட் போடலாம், காற்று இருக்கிறது. ஆனால் கோட் பாதத்தைக் காக்காது. உங்கள் ஊர்க் கடற்கரையில் இல்மனைட் என்ற கருங்கனிமம் கலந்த கரிய மணல். வெளிர் மணலைவிட அதிக வெயிலை வாங்கி வைத்திருக்கும். புறங்கையை மணலில் 7 வினாடி அழுத்திப் பாருங்கள். பொறுக்க முடியவில்லை என்றால் அலை நனைத்த ஓரமாகவே நடத்துங்கள், அல்லது இருட்டியபின் போங்கள். திரும்பி வந்ததும் காலிலும் வயிற்றிலும் ஒட்டிய உப்பை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.