முகம் தெரியாதது திமிர் அல்ல: நரம்பியல் கேள்வி-பதில்

மேச்சேரி வாசகர்: என் பட்டியில் அறுபது ஆடுகள். ஒவ்வொன்றின் முகமும் எனக்குத் தெரியும். மருமகனோ எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்கிறார். யார் சொல்வது சரி?

நீங்கள் சொல்வதுதான். பழகினால் மூளை ஆட்டு முகங்களையும் தனித்தனியாகப் பிரித்துவிடும். பிரிட்டனில் ஒருவர் பக்கவாதத்துக்குப் பிறகு மனித முகங்களை அறியும் திறனை இழந்தார். அதன் பிறகு வாங்கிய செம்மறிகளின் முகங்களையோ நன்றாகக் கற்றுக்கொண்டார். 1993இல் வெளிவந்த ஆய்வு இது. செம்மறிகளும் சளைத்தவை அல்ல. ஐம்பது ஆட்டு முகங்களை இரண்டு ஆண்டு வரை நினைவில் வைத்திருக்கும்.

ஓமலூர் வாசகர்: அப்பாவுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. நல்ல மாத்திரை சொல்லுங்கள்.

வயது எழுதவில்லை, எத்தனை நாளாக என்று எழுதவில்லை, சர்க்கரை உண்டா என்றும் எழுதவில்லை. இதை வைத்துக்கொண்டு மாத்திரை கேட்டால் எப்படி? ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்: திடீரென்று வந்ததா, மெல்ல மெல்ல வந்ததா, பிறவியிலேயே உள்ளதா என்பதை முதலில் எழுதுங்கள். திடீரென்று என்றால், கை கால் நன்றாக இருந்தாலும் பக்கவாதமாக இருக்கலாம். கடிதம் எழுத உட்காராமல் 108ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. மெல்ல வந்தது என்றால் கண்புரையா, மறதி நோயா என்று நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

செவ்வாய்ப்பேட்டை வாசகி: கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன், வயது 34. சிறு வயதிலிருந்தே முகங்கள் மனதில் நிற்பதில்லை. சென்ற மாதம் பழைய பஸ் நிலையத்தில் என் மாமியாரையே தெரியாமல் கடந்து போய்விட்டேன். வீட்டில் திமிர் பிடித்தவள் என்கிறார்கள். கண் பரிசோதனையில் குறை இல்லை.

அம்மா, இது திமிர் இல்லை. நீங்கள் சொல்வது பிறவி முகமறியாமை போலத்தான் தெரிகிறது. நூற்றுக்கு இரண்டு பேருக்கு இருக்கும். கண்ணில் குறை இல்லை, புத்தியிலும் இல்லை. கண், மூக்கு, வாய் என்று தனித்தனியாக நீங்கள் பார்ப்பது எல்லாம் சரி. அவற்றை ஒரே முகமாகச் சேர்த்து, இன்னார் என்று பிரிக்கும் வேலை மூளையில் காதுப் பக்கம் உள்ள டெம்போரல் மடலின் அடிப்புறத்தில், பெரும்பாலும் வலப்பக்கம் நடக்கிறது. அந்த இடத்துக்கு 'ஃபியூசிஃபார்ம் முகப் பகுதி' என்று 1997இல் அமெரிக்க மூளை ஆய்வாளர் நான்சி கான்விஷரின் குழு பெயரிட்டது. பார்த்த கால் நொடிக்குள் மற்றவர்களுக்கு முடிந்துவிடும் வேலை உங்களுக்கு முடிவதில்லை. கொலுசில் நூல் அளவு பிசகைக் கண்டுபிடிக்கும் கண்ணுக்கு மாமியார் முகம் பிடிபடாமல் போவதில் முரண் ஏதும் இல்லை. இரண்டும் வேறு வேறு வேலைகள்.

இந்தத் 'திமிர்' என்ற சொல்லை முப்பது ஆண்டுகளாகக் கேட்டுக் கொதித்துப்போயிருக்கிறேன். கடைவீதியில் எதிரே வந்த ஆசிரியருக்கு வணக்கம் சொல்லவில்லை என்று ஒரு சிறுவனை வகுப்பில் முட்டிபோட வைத்தார்கள். சீருடை கட்டிய கூட்டத்தில் அவனுக்கு நண்பனையே தெரியாது என்பதை எட்டாம் வகுப்பு வரை ஒருவரும் கவனிக்கவில்லை. கல்யாண வீட்டில் "என்னைத் தெரிகிறதா, சொல் பார்க்கலாம்" என்று முகத்தை நீட்டிப் பரீட்சை வைக்கும் பெரியவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: அந்தப் பழக்கத்தை விடுங்கள். பெயரைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள். நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸுக்கே இந்தக் குறை இருந்தது. கண்ணாடியில் தெரிந்த தன் உருவத்திடமே அவர் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்.

இதற்கு மருந்து இல்லை. குரல், நடை, தலைமுடி இவற்றைக் கொண்டு ஆளை அறியப் பழகுங்கள். இந்தப் பதிலை மாமியாரிடம் படித்துக் காட்டி, வெளியில் பார்த்தால் அவரே முதலில் கூப்பிடட்டும் என்று கேளுங்கள். உங்களுக்குச் சிறு வயதிலிருந்தே இருப்பதால் பயம் இல்லை. திடீரென்று வருவதுதான் ஆபத்து.

ஆத்தூர் வாசகர்: வல்லாரை சாப்பிட்டால் முகங்கள் மறக்காமல் இருக்குமா?

இருக்காது.

அம்மாப்பேட்டை வாசகர்: அம்மாவுக்கு வயது 71. மூன்று மாதமாக என்னைப் பார்த்து, "என் பிள்ளை மாதிரியே வேஷம் போட்டு வந்திருக்கிறாய்" என்கிறார். பில்லி சூனியம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள்.

சூனியம் இல்லை. 1923இல் பிரெஞ்சு மருத்துவர் காப்கிரா விவரித்த நிலை இது. முகம் தெரிகிறது, ஆனால் 'நம்மவர்' என்ற உணர்வு கூடவே வருவதில்லை. அதனால் போலி என்று தோன்றுகிறது. சென்னையில் மருத்துவம் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் ஆராய்ந்த ஒருவர், நேரில் போலி என்று சொன்ன தாயைத் தொலைபேசியில் சரியாக அறிந்துகொண்டார். நீங்களும் பக்கத்து அறையிலிருந்து பேசிப் பாருங்கள். வாதாடாதீர்கள். மறதி நோயின் தொடக்கமாக இருக்கலாம், இந்த மாதமே மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஏற்காடு வாசகி: பேரனுக்கு மூன்று மாதம். முகம் பார்த்துச் சிரிப்பதில்லை. கருவிழி நடுவில் வெள்ளையாகத் தெரிகிறது. வளர்ந்தால் சரியாகும் என்கிறார்கள்.

சரியாகாது. பிறவிக் கண்புரையாக இருக்கலாம், அதைவிடக் கடுமையானதாகவும் இருக்கலாம். முகங்களைப் படிக்க மூளை பழகுவது இந்த மாதங்களில்தான். ஆறு மாதத்துக்குள் புரை நீக்கிய குழந்தைகளுக்குக்கூட, பல ஆண்டுகள் கழித்தும் முகங்களைப் பிரித்தறிவதில் குறை நின்றதைக் கனடாவில் கண்டிருக்கிறார்கள். நாளைக் காலை முதல் பஸ்ஸில் குழந்தையைச் சேலத்துக்குக் கொண்டுவந்து கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.