பழைய புல்லட் டப்பா கைக்கு வந்திருக்கு, எல்க் வேட்டைக்கு எதை எடுக்கலாம்?

கேள்வி: அண்ணே வணக்கம், நான் கொலராடோல இருக்கேன். பக்கத்து வீட்டு பெரியவர் இனிமே மலை ஏற முடியாதுன்னு தன்னோட ரீலோடிங் பிரஸ்ஸையும் (தோட்டாவ வீட்டுலயே கட்டற கருவி) அலமாரி நிறைய புல்லட் டப்பாவையும் (தோட்டாவோட முனையில இருந்து பறக்கற துண்டு மட்டும்) எனக்கே குடுத்துட்டாரு. எல்லாம் 30 காலிபர் தான். நோஸ்லர் பார்ட்டிஷன் 180 கிரெய்ன் (புல்லட் எடைக்கான அளவு), ரெமிங்டன் கோர்-லாக்ட் 150 கிரெய்ன், அப்புறம் மூக்கு தட்டையா ஒரு 170 கிரெய்ன். என்கிட்ட 30-06ம், அதைவிட வேகமா அடிக்கற .300 வின்செஸ்டர் மேக்னமும்னு ரெண்டு துப்பாக்கி இருக்கு. இவ்வளவு பழசு கெட்டுப்போயிருக்குமா, எல்க்குக்கு (ரொம்ப பெரிய மான் வகை) எதை போட்டு தோட்டா கட்டறது?

பதில்: தம்பி, புல்லட்டு ஈயமும் செம்பும் தானே, ஈரம் படாத எடத்துல இருந்தா எத்தனை வருஷம் ஆனாலும் ஒண்ணும் ஆகாது. செம்பு கறுத்திருந்தா பரவால்ல. ஈய நுனியில வெள்ளையா மாவு மாதிரி பூத்திருந்தா மட்டும் அதை ஒதுக்கிடுங்க, அது ஈயம் அரிச்சு வர்றது, கையுறை போட்டு எடுங்க, கையை சோப்பு போட்டு கழுவாம சாப்பாட்டுல கை வைக்காதீங்க. பவுடர், அதாவது வெடிமருந்து, அதோட கதை வேற. பழைய பவுடர் டப்பாவும் சேர்ந்து வந்திருந்து, தொறந்ததும் மூக்குல ஏர்ற மாதிரி புளிச்ச வாடை அடிச்சாலோ செவப்பா தூசி தெரிஞ்சாலோ அதை தொடவே வேண்டாம். லேபிள் இல்லாத பவுடர் வாடையே அடிக்காம இருந்தாலும் வேண்டாம்.

அடுத்தது, டப்பா மேல எழுதியிருக்கறத அப்படியே நம்பாதீங்க, பெரியவங்க காலியான டப்பால வேற எதையாவது போட்டு வெச்சிருப்பாங்க. மைக்ரோமீட்டர்ல அளந்து பாருங்க, உங்க ரெண்டு துப்பாக்கிக்கும் .308 அங்குலம் வரணும். .303 பிரிட்டிஷுக்கு செஞ்சது .311 கிட்ட இருக்கும், பாக்க ஒரே மாதிரி தான் தெரியும், அதை உங்க குழல்ல விட்டா அழுத்தம் எகிறிடும். ஒரு பத்து எடுத்து தராசுலயும் போட்டு பாத்துடுங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். பழசா புதுசாங்கறது இல்ல, அந்த புல்லட்ட எந்த வேகத்துக்குன்னு செஞ்சாங்க, நீங்க எந்த வேகத்துல அடிக்கப் போறீங்க, அது தான் கேள்வி. அந்த தட்டை மூக்கு 170 அனேகமா 30-30ங்கற வேகம் கம்மியான தோட்டாவுக்கு செஞ்சதா இருக்கும். அதை சுடற துப்பாக்கில தோட்டா குழாய்க்குள்ள வரிசையா ஒண்ணு பின்னாடி ஒண்ணா நிக்கும், கூர் மூக்கா இருந்தா முன்னாடி இருக்கற தோட்டாவோட ப்ரைமர்ல (அடிபட்டா பத்திக்கற பின்பக்க மூடி) குத்தி வெடிச்சிடும்னு தான் மூக்கை தட்டையா வெச்சாங்க. அது குழல விட்டு கிளம்பறதே செகண்டுக்கு 2,200 அடி வேகத்துல தான், அந்த வேகத்துக்கே விரியணும்னு ஜாக்கெட்ட (ஈயத்து மேல இருக்கற செம்பு உறை) மெல்லிசா விட்டிருப்பாங்க. அதையே மேக்னத்துல தள்ளி விட்டீங்கன்னா எலும்புல பட்டதும் செதறிடும்.

நான் இதை பட்டு தெரிஞ்சுக்கிட்டவன். முதல் மேக்னம் வாங்கின வருஷம், கையில இருந்த மெல்லிசான ஒரு புல்லட்ட முழு வேகத்துல கட்டிக்கிட்டு போனேன், அறுபது கஜத்துல ஒரு எல்க், தோள்பட்டையில அடிச்சேன், விழுந்து எழுந்து ஓடிருச்சு. இருட்டற வரைக்கும் ரத்தத்த பாத்துக்கிட்டே போயி கடைசில இன்னொரு தோட்டா போட வேண்டியதாச்சு. தோல உரிச்சப்ப பாத்தா தோள் மேலயே உள்ளங்கை அகலத்துக்கு காயம், சதைக்குள்ள செம்புத் துணுக்கு துணுக்கா கெடக்கு, நெஞ்சுக்குள்ள எதுவுமே போகல. அவ்வளவு நேரம் அந்த ஜீவன் துடிச்சதுக்கு நான் தான் காரணம், இன்னைக்கும் அது மனசுல இருக்கு.

இதே மாதிரி ஒரு அனுபவத்துல பொறந்தது தான் உங்ககிட்ட இருக்கற பார்ட்டிஷன். ஜான் நோஸ்லர் 1946ல கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியா பக்கம் மூஸ்ங்கற பெரிய மான் வேட்டைக்கு போனாரு, கையில .300 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம், மூஸ் உடம்பெல்லாம் காஞ்ச சேறு, அடிச்ச புல்லட் மேலயே உடைஞ்சு போச்சு, உள்ள போகல. திரும்பி வந்து ஜாக்கெட் நடுவுல குறுக்க ஒரு செம்புச் சுவர் வெச்சாரு, முன்னாடி ஒரு ஈயம், பின்னாடி ஒரு ஈயம். முன்பாதி விரியும் செதறும், பின்பாதி சுவருக்குப் பின்னாடி பத்திரமா இருந்து உள்ள போய்க்கிட்டே இருக்கும். 1948லேருந்து விக்குது. ரொம்ப பழசா இருந்தா உடம்பு நடுவுல சுத்தி ஒரு காடி ஓடும், நகத்தால தடவினாலே தெரியும், கடைசல்ல செஞ்ச காலத்து சரக்கு அது, தாராளமா பயன்படுத்தலாம்.

அதனால எல்க்குக்கு பார்ட்டிஷன் தான், 30-06லயும் மேக்னத்துலயும் போகும். கோர்-லாக்ட் 150அ 30-06ல மட்டும் கட்டி மியூல் மானுக்கு வெச்சுக்குங்க. தட்டை மூக்கை 30-30 வெச்சிருக்கற நண்பருக்கு குடுத்துடுங்க. பார்ட்டிஷன் டப்பால எத்தனை மிச்சம்னு எண்ணிப் பாருங்க, சோதனைக்கும் ஸ்கோப் சரி பண்ணவுமே இருபது போயிடும், பத்தே பத்து தான் இருக்குன்னா புதுசு ஒரு டப்பா வாங்கறது மேல். பவுடர் அளவுக்கு பெரியவரோட பழைய நோட்டு வேண்டாம், இப்போதைய கையேட்டுல அதே புல்லட்டுக்கு போட்டிருக்கற ஆரம்ப அளவுலேருந்து மெதுவா ஏறுங்க. முழுச் செம்பு புல்லட்டோட கணக்க இதுக்கோ இதோட கணக்க அதுக்கோ மாத்தி போடக் கூடாது. இன்னொண்ணு, உங்க மாநிலத்துல பெரிய மிருகத்துக்கு நுனி மிருதுவானதோ குழி விழுந்ததோ தான் சட்டம், எல்க்குக்கு குறைஞ்சது 85 கிரெய்ன், அலமாரில முழு ஜாக்கெட் ராணுவ புல்லட் கெடந்தா அது வேட்டைக்கு ஆகாது.

கேள்வி: நான் கலிஃபோர்னியா. எங்க அண்ணன் இதே மாதிரி பழைய பார்ட்டிஷன் ஒரு டப்பா அனுப்பியிருக்காரு, இங்க மானுக்கு போடலாமா?

பதில்: போடக் கூடாதும்மா. 2019 ஜூலை 1லேருந்து உங்க மாநிலம் முழுக்க எந்த வேட்டைக்கும் ஈய புல்லட் தடை. அங்க காண்டார் கழுகுங்க 1982ல மொத்தமே 22 தான் மிச்சம் இருந்துச்சு, வேட்டைக்காரங்க விட்டுட்டு போற குடல்ல இருக்கற ஈயத் துணுக்க தின்னு சாகுதுங்க, தடை நியாயமானது தான். பார்ட்டிஷன்லயும் உள்ள இருக்கறது ஈயம். முழுச் செம்புல ஒண்ணு வாங்கிக்குங்க, அதே எடைக்கு அது நீளமா இருக்கும், அதனால அண்ணன் 180 போட்டா நீங்க 150 இல்ல 165 எடுத்தாலே போதும். அந்த டப்பாவ அண்ணனுக்கே திருப்பி அனுப்பிடுங்க, அவருக்கு உதவும்.